வருமான வரிச் சட்டத்தில் பிழை தேட ஒரு சால்வர்: 87ஏ, ஜூன் 30 இன்கிரிமென்ட், இன்னும் சில

சல்லடை · சனி, இரவு 9:12

பெங்களூரில் சிப் வடிவமைப்பில் பிழை தேடுவது என் வேலை. பதினோரு வருடமாகப் பிழைதான் பிழைப்பு. 1994-ல் பென்டியம் சிப் சில எண்களைத் தப்பாக வகுத்தது வெளியே தெரிந்து, இன்டெல் 47.5 கோடி டாலரை அதற்கென்று ஒதுக்க வேண்டி வந்தது. அதிலிருந்து எங்கள் துறையில் "நாலைந்து கணக்கு போட்டுப் பார்த்தேன், சரியாக வருது" என்ற பேச்சு செல்லாது. வரக்கூடிய எல்லா நிலைகளையும் கணித முறையில் அலசி, "இந்தக் கோளாறு வரவே வராது" என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் கருவியே ஓர் எதிர் உதாரணத்தைத் தூக்கிப் போடும்: "இந்த எண்ணைக் கொடு, உன் சிப் தப்பு செய்யும்" என்று.

போன மாதம் அப்பாவுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோது ஒரு யோசனை. சட்டமும் விதிகளால் ஆனதுதானே, அதையும் இப்படி அலசினால் என்ன?

எடுத்துக்கொண்டது 1961 வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டாவிட்டால் வரியைத் தள்ளுபடி செய்வது அது. 2023 பிப்ரவரி பட்ஜெட்டில், புதிய முறையில் 7 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். அதைத் தமிழில் எழுதி, பிறகு இசட்3 என்ற இலவச சால்வருக்கு (நிபந்தனைகளைக் கொடுத்தால் அவற்றுக்குப் பொருந்தும் விடையைத் தேடித்தரும் மென்பொருள்) புரியும்படி மாற்றினேன். வ என்பது வருமானம்:

வரி(வ) = முதல் 3 லட்சத்துக்கு 0; அடுத்த 3 லட்சத்துக்கு 5%; அடுத்த 3 லட்சத்துக்கு 10%…
தள்ளுபடி(வ) = வ 7,00,000-ஐத் தாண்டாவிட்டால் முழு வரியும், 25,000 வரை; தாண்டினால் 0
கையில்(வ) = வ − வரி + தள்ளுபடி

கேள்வி ஒன்றே ஒன்று: கூடச் சம்பாதித்தவர் கையில் குறைவாக நிற்கும்படி ஒரு ஜோடி உண்டா?

கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 7,00,000 சம்பாதித்தவருக்கு வரி 0. 7,00,100 சம்பாதித்தவருக்கு 25,010. நூறு ரூபாய் கூட வந்ததற்கு இருபத்தைந்தாயிரம் தண்டம்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. அந்த மார்ச்சில் நிதி மசோதா நிறைவேறும்போது அரசே இதே எண்ணைச் சொல்லி 'மார்ஜினல் ரிலீஃப்' என்ற திருத்தத்தைச் சேர்த்தது: 7 லட்சத்துக்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாயோ அதைவிட வரி கூடாது. நல்ல திருத்தம். அதையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். "அப்படி ஒரு ஜோடி இல்லை" என்று வரும் என்று நினைத்தேன். வரவில்லை!

7,00,100 வருமானம். மேல் வருமானம் 100, எனவே வரி 100. அதன்மேல் 4% செஸ், அதாவது வரிமேல் வரி, 4 ரூபாய். ஆக 104. நூறு சம்பாதித்து நூற்று நாலு கட்டுகிறார். திருத்தத்திலும் ஓட்டை. யாராவது சரிபார்த்துச் சொல்லுங்களேன்.

---

பேரேடு · சனி, இரவு 10:40

ஈரோட்டில் ஆடிட்டராக இருக்கிறேன். உங்கள் 104 தப்பு. போர்ட்டலில் போட்டுப் பாருங்கள், 100 ரூபாய்தான் கேட்கும்.

288பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. கட்ட வேண்டிய தொகையைப் பத்தின் மடங்காக முழுமையாக்க வேண்டும். பைசாவை விட்டுவிடலாம், கடைசி இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் மேலே, இல்லாவிட்டால் கீழே. 104 என்பது 100 ஆகிவிடும். வருமானத்துக்கும் இதேபோல 288ஏ உண்டு. 87ஏ-வை மட்டும் படித்துவிட்டுச் சட்டத்தில் ஓட்டை என்று சொல்லக் கூடாது தம்பி.

---

சல்லடை · சனி, இரவு 11:25

அக்கா, இதற்குத்தான் இங்கே கேட்டேன். 288பி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

புது எதிர் உதாரணம்: 7,00,130.

மேல் வருமானம் 130. வரி 130. செஸ் 5.20. கூட்டினால் 135.20. பைசா போனால் 135, கடைசி இலக்கம் 5, ஆகவே 140. நூற்று முப்பது சம்பாதித்து நூற்று நாற்பது கட்டுகிறார். 120 வரை உங்கள் 288பி காப்பாற்றுகிறது, 130-லிருந்து கைவிட்டுவிடுகிறது.

அதிகபட்ச நஷ்டம் எங்கே என்றும் கேட்டேன். 7,27,770-ல். கட்ட வேண்டியது 28,880. கையில் நிற்பது 6,98,890. மறுபடி முழுசாக 7 லட்சம் கையில் நிற்க வேண்டுமானால் 7,29,020 சம்பாதிக்க வேண்டும்.

பழைய முறையையும் ஓட்டினேன். அங்கே மார்ஜினல் ரிலீஃபே கிடையாது. 5,00,000-க்கு வரி இல்லை; 5,00,010-க்கு 13,000. பத்து ரூபாய்க்குப் பதின்மூன்றாயிரம்.

---

பேரேடு · ஞாயிறு, காலை 7:05

காபி ஆறும்வரை கணக்கு போட்டுப் பார்த்தேன். 140 சரிதான். இத்தனை ரிட்டர்ன் போட்டிருக்கிறேன், மார்ஜினல் ரிலீஃப் வாங்கிக்கொடுத்து "பாருங்கள், மிச்சம் பிடித்துவிட்டேன்" என்று கிளையன்ட்டிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். செஸ் அதைத் தாண்டிப் போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பழைய முறையில் 5 லட்சம் விவகாரம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மார்ச் மாதம் யாராவது "வருமானம் 5,02,000 வருதுங்க" என்றால், முதலில் எந்த நன்கொடை ரசீது மிச்சம் இருக்கிறது என்றுதான் கேட்போம்.

---

வாய்தா · ஞாயிறு, காலை 10:30

காலையிலேயே சட்டத்துக்குப் போஸ்ட்மார்ட்டம் நடக்கிறது. உயர் நீதிமன்றத்தில் இருபது வருடம் கறுப்புக் கோட்டோடு நின்றவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

ஒன்று. இது பிழையே அல்ல. "வருமான வரி" வேறு, "செஸ்" வேறு. திருத்தம் சொன்னது வருமான வரி மேல் வருமானத்தைத் தாண்டக் கூடாது என்று. தாண்டவில்லை. செஸ்ஸை நிதிச் சட்டம் தனியாக விதிக்கிறது. சட்டம் சொன்னதைச் செய்திருக்கிறது. 'கூடச் சம்பாதித்தவர் கையில் குறையக் கூடாது' என்பது உங்கள் ஆசை. அதைச் சட்டத்தில் எந்தப் பிரிவில் படித்தீர்கள்?

இரண்டு. வரி என்பது எண். அதனால்தான் உங்கள் பருப்பு வெந்தது. காலவரையறைச் சட்டம் 1963, 5-ஆம் பிரிவு. "போதுமான காரணம்" இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது போதுமான காரணமா? எத்தனை நாள்? எந்த அம்மா, எந்த உடம்பு? இதை உங்கள் இசட்3 சொல்லுமா? இந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் நாங்கள் பாதிப் பேர் சோறு தின்கிறோம்.

---

சல்லடை · ஞாயிறு, காலை 11:15

வக்கீல் சார், இரண்டாவதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். "போதுமான காரணம்" என் மாடலில் ஒரு மூடிய பெட்டி. உள்ளே என்ன என்று கேட்க மாட்டேன். "ஆம் என்றால் என்ன நடக்கும், இல்லை என்றால் என்ன நடக்கும்" என்று இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்ப்பதோடு சரி. பெட்டியைத் திறப்பது நீதிபதி வேலை.

முதலாவதில் கொஞ்சம் சண்டை போடுவேன். ஆசை என்னுடையது என்கிறீர்கள். ஆனால் 2023 மார்ச்சில் "100 ரூபாய் கூட வந்தால் 25,010 வரியா?" என்று கவலைப்பட்டுத் திருத்தம் கொண்டுவந்தது நிதி அமைச்சகம். அந்தக் கவலையைத்தான் ஒரு வரியாக எழுதினேன். அவர்கள் மனதில் செஸ் இருந்ததா இல்லையா என்பது அவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி. மாடல் செய்தது அந்தக் கேள்வியை எழுப்பியது மட்டும்தான்.

---

லாசப்பல்காரி · ஞாயிறு, மதியம் 3:48

பாரிசிலிருந்து எழுதுகிறேன். இங்கே பல்கலைக்கழகத்தில் நான் படிப்பதே ஏறத்தாழ இதுதான் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

இது புதிய விசயம் இல்லை. 1957-லேயே லேமன் ஆலன் என்ற அமெரிக்கச் சட்ட ஆய்வாளர், சட்ட வரைவுக்குக் குறியீட்டுத் தர்க்கத்தைப் பயன்படுத்தலாம் என்று கட்டுரை எழுதினார். எனக்கு அதிகம் பிடித்தது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்தது. மாரெக் செர்கோட், ராபர்ட் கோவால்ஸ்கி முதலானோர் 1981-ஆம் ஆண்டு பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தைப் புரோலாக் என்ற தர்க்க நிரல்மொழியில் எழுதி 1986-ல் வெளியிட்டார்கள். எங்கட ஆட்களில் கனபேருக்கு அந்தச் சட்டத்தோடு சொந்தக் கதை இருக்கும்.

முதல் பிரிவு சுலபம். ஐக்கிய இராச்சியத்தில் பிறந்தவர், பிறந்த நேரத்தில் தாயோ தந்தையோ பிரித்தானியக் குடிமகன் அல்லது அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர் என்றால், அவர் குடிமகன். இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். அடுத்த உட்பிரிவு கைவிடப்பட்ட கைக்குழந்தை பற்றியது: மாறாக நிரூபிக்கப்படாத வரை, அது அங்கே பிறந்ததாகவும் தகுதியுள்ள பெற்றோருக்குப் பிறந்ததாகவும் கொள்ளப்படும். இங்கேதான் சிக்கல். "மாறாக நிரூபிக்கப்படாத வரை" என்பதை எப்படி எழுதுவது? புரோலாக்கில் "காட்ட முடியாவிட்டால் இல்லை என்று வைத்துக்கொள்" என்ற வசதி உண்டு. அதைப் போட்டால் இன்று குழந்தை குடிமகன். பத்து வருடம் கழித்துப் பெற்றோர் யாரென்று தெரியவந்தால்? குடியுரிமை அன்றிலிருந்து போகுமா, முதலிலிருந்தே இருந்ததில்லை என்று ஆகுமா? புரோலாக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. எழுத உட்கார்ந்தவருக்குத்தான் உறைக்கும்.

வக்கீல் ஐயா கேட்டதற்கும் இதிலே பாதிப் பதில் இருக்கிறது. சட்டம் முழுக்க "பொது விதி, அதற்கு விலக்கு, அந்த விலக்குக்கு விலக்கு" என்ற அடுக்குத்தான். சாதாரண நிரல்மொழியில் இது இடியாப்பம் ஆகிவிடும். இங்கே இன்றியா என்ற கணினி ஆய்வகத்தில் 'கட்டலா' என்று ஒரு மொழியை 2021-ல் வெளியிட்டார்கள். மீன் இல்லை, பியர் கட்டலா என்ற சட்ட அறிஞரின் பெயர். அதிலே சட்டப் பிரிவின் வாசகத்தை அப்படியே ஒட்டி, அதன் கீழேயே அந்த வாசகத்துக்கான நிரலை எழுத வேண்டும். பக்கத்தில் ஒரு சட்டத்தரணி உட்கார்ந்து வரிக்கு வரி பார்ப்பார். அப்படிப் பிரெஞ்சுக் குடும்ப உதவித்தொகை விதிகளை எழுதியபோது, அரசின் அதிகாரபூர்வக் கணிப்பானிலேயே ஒரு பிழை அகப்பட்டது.

---

அரியர் · ஞாயிறு, மாலை 6:02

நான் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். மாடல் செக்கிங் (இப்படி எல்லா நிலைகளையும் அலசிப் பிழை தேடும் முறை) பேப்பரில் அரியர் வைத்தவன். இதையெல்லாம் படித்தால் நிஜத்தில் உபயோகம் உண்டு என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. எண்களே இல்லாத விதிக்கும் இது வேலை செய்யுமா?

---

ஜூன் முப்பது · ஞாயிறு, இரவு 8:20

தம்பி அரியர், உன் பெயரைப் பார்த்ததும் சம்பள அரியர் என்று நினைத்து உள்ளே வந்தேன். வந்தது வந்துவிட்டேன், என் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சல்லடை தம்பியின் இயந்திரம் இதைப் பிடிக்குமா என்று பார்க்கலாம்.

நான் மத்திய அரசு ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் பெயருக்கு அர்த்தம் இப்போது புரியும். என் நிஜப் பிறந்தநாள் ஐப்பசியில். பள்ளியில் சேர்க்கப் போனபோது வயது போதவில்லை என்று வாத்தியார் ஒரு ஜூன் தேதியைப் போட்டு எழுதிக்கொண்டார். என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு வாத்தியார் போட்ட ஜூன் பிறந்தநாள்தான்.

முதல் விதி: 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. அடிப்படை விதி 56. இதில் யாருக்கும் குறை இல்லை.

இரண்டாவது விதி: ஆறாவது ஊதியக் குழுவுக்கு அப்புறம், 2008-ல் வந்த விதிகளின்படி, எல்லோருக்கும் ஆண்டு இன்கிரிமென்ட் ஜூலை 1-ல் என்று ஆனது. அதற்கு முன்னால் அவரவர் சேர்ந்த மாதத்தை ஒட்டி வரும். பில் கிளார்க்குகளுக்கு வருடம் முழுக்கத் தலைவலி. ஒரே தேதி என்று ஆனதில் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஜூலை 1 அன்று ஆறு மாதம் முடிந்திருந்தால் போதும், இன்கிரிமென்ட் கிடைத்தது.

இரண்டும் நல்ல விதிகள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஜூன் 30 மாலை ஐந்து மணிக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். போன ஜூலை 1-லிருந்து அன்று வரை முழுசாக ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இன்கிரிமென்ட் மறுநாள். மறுநாள் நான் ஊழியன் இல்லை. ஆறு மாதம் வேலை பார்த்த பையனுக்கு உண்டு, பன்னிரண்டு மாதம் பார்த்த எனக்கு இல்லை. தொகை பெரிதில்லை. ஆனால் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் பென்ஷன். அது சாகும்வரை தொடரும்.

மனு போட்டேன். "விதியில் இடமில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. பதில் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதே வரியைத்தான் எழுதியிருப்பேன். விதியில் இடமில்லைதான்.

பிறகு 2017-ல் இதே நிலையில் இருந்த வேறொருவர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், பென்ஷன் கணக்குக்காக அந்த இன்கிரிமென்ட்டைச் சேர்க்கச் சொன்னது. எல்லா உயர் நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. எதிராகவும் தீர்ப்பு உண்டு. 2023 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், கர்நாடக மின் கழக ஊழியர்கள் வழக்கில், இன்கிரிமென்ட் என்பது செய்து முடித்த வேலைக்கானது, மறுநாள் வேலையில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்று முடித்துவைத்தது. விதி வந்து பதினைந்து வருடம். அதற்குள் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேரோ.

---

சல்லடை · திங்கள், இரவு 10:55

ஐயா, ஆபீஸ் விட்டு வந்ததும் இதைத்தான் செய்தேன். அரியர், நீயும் கவனி. இதற்கு இசட்3-ஐவிட 'அலாய்' என்ற கருவி பொருத்தம். எம்ஐடியில் டேனியல் ஜாக்சன் குழு செய்தது, இலவசம். பெரும்பாலான பிழைகள் சின்ன உதாரணத்திலேயே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் கட்டியது. லட்சம் ஊழியர் வேண்டாம், மூன்று பேரும் இரண்டு வருடமும் போதும்.

எழுதியது இவ்வளவுதான். ஊழியர் உண்டு, பிறந்த தேதி, சேர்ந்த தேதி உண்டு. ஓய்வு = 60 நிறையும் மாதக் கடைசி. இன்கிரிமென்ட் = ஜூலை 1, அன்று பணியில் இருந்து, ஆறு மாதம் முடித்திருந்தால். நான் கேட்டது: "முந்தைய இன்கிரிமென்ட்டுக்குப் பின் 12 மாதம் முழுதாக வேலை செய்த எவருக்கும் அடுத்தது கிடைக்காமல் போகக் கூடாது."

முதல் ஓட்டத்திலேயே ஓர் ஊழியர் வந்து நின்றார். ஜூன் மாதம் பிறந்தவர். நீங்கள்தான் ஐயா.

"வேறு உதாரணம்" என்று கேட்டால் அடுத்தடுத்து இன்னும் தரும். மூன்றாவதாக வந்தவர் பிறந்தது ஜூலை 1. நான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்துத் தேடினால், விதி 56-ஐ நான் அப்படியே படியெடுத்திருந்ததில்தான் விஷயம்: மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும். ஆக ஜூலை 1-ல் பிறந்தவருக்கு ஜூன் 30-ல் மாலை, சால்வை. ஜூலை 2-ல் பிறந்தவர் ஜூலை 31 வரை இருப்பார். ஒரு மாதச் சம்பளமும் இன்கிரிமென்ட்டும் கூடுதல். ஒரு நாள் வித்தியாசம்.

எழுத எடுத்தது முக்கால் மணி நேரம். அதில் அரை மணி நேரம் "வருடம்" என்றால் எதிலிருந்து எதுவரை என்று யோசித்ததில் போயிற்று.

---

வாய்தா · செவ்வாய், காலை 8:40

சபாஷ். இதை ஒப்புக்கொள்கிறேன். 2008-ல் வரைவு எழுதியவர் பக்கத்தில் இப்படி ஓர் ஆள் இருந்திருந்தால் எங்கள் தொழிலுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

ஆனாலும் ஒன்று. அரசுத் தரப்பு என்ன வாதாடியது? "இன்கிரிமென்ட் ஜூலை 1-ல்தான் உரிமையாகிறது, அன்று அவர் ஊழியர் இல்லை." இது முட்டாள்தனமான வாதம் அல்ல, சில உயர் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட வாதம். உங்கள் மாடல் இரண்டு விதியும் மோதும் இடத்தைக் காட்டியது. யார் பக்கம் நியாயம் என்று காட்டவில்லை. அதை நீங்களே "கிடைக்காமல் போகக் கூடாது" என்று எழுதி உள்ளே போட்டீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வேறு வரியைப் போட்டிருப்பார், இயந்திரம் அவருக்கும் தலையாட்டியிருக்கும்.

---

ஒற்றுப்பிழை · செவ்வாய், காலை 11:10

அரசு ஆவணங்களைத் தமிழாக்கம் செய்கிறேன். எண்ணும் தேதியும் வரும்முன், வாக்கியத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது.

"சென்னையில் வசிக்கும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம்." மதுரையில் இருக்கும் மாற்றுத்திறனாளி விண்ணப்பிக்கலாமா? 'சென்னையில் வசிக்கும்' முதியோரோடு நின்றுவிடுகிறதா, மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துப் பிடிக்கிறதா? தமிழ் வாக்கியம் வாயைத் திறக்காது. வாசிப்பவருக்குச் சந்தேகமே வராது, அவரவருக்கு ஒரு பொருள் உடனே தோன்றிவிடும் என்பதுதான் ஆபத்து. சல்லடை மாதிரி ஒருவர் இதைக் கணினிக்கு எழுதப் போனால் அடைப்புக்குறியை எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும். போடும்போது கை நிற்கும்.

மாநிலச் சட்டம் தமிழில் இயற்றப்பட்டாலும், அரசியலமைப்பு 348(3)-இன்படி, அதிகாரபூர்வமாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையே நீதிமன்றம் மூலமாகக் கொள்ளும். அதாவது அதை ஆங்கிலமாக்குபவர் அடைப்புக்குறியைத் தப்பாகப் போட்டால் அதுவே சட்டம்!

---

பேரேடு · செவ்வாய், இரவு 9:30

வாய்தா சார் சொன்னதில் இருந்து தொடர்கிறேன். இரண்டு வாதம் இருக்கும்போது கணினி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலையில் நாங்கள் அனுபவித்தோம்.

புதிய முறை, நிதியாண்டு 2023-24. ஒருவருக்குச் சம்பளம் கழிவெல்லாம் போக 5 லட்சம். பங்கு விற்றதில் குறுகிய கால லாபம் 1 லட்சம். மொத்தம் 6 லட்சம், 7-க்குக் கீழே. 5 லட்சத்துக்கு வரி 10,000. பங்கு லாபத்துக்கு 15%, அதாவது 15,000. கூட்டினால் 25,000. தள்ளுபடி 25,000 வரை. எனவே வரி இல்லை. ஜூலை முதல் வாரம் வரை இப்படிப் போட்ட ரிட்டர்னை போர்ட்டல் வாங்கிக்கொண்டது. ஜூலை 5-ல் மென்பொருளை மாற்றினார்கள். அதன்பின் தள்ளுபடி சம்பளத்துக்கான 10,000-க்கு மட்டும். மிச்சம் 15,000-மும் செஸ்ஸும் சேர்த்து 15,600 கட்டு என்றது. சட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. நாங்கள் "இல்லை, தள்ளுபடி உண்டு" என்று போட நினைத்தாலும் அந்தக் கட்டம் தட்டச்சை ஏற்காது. வாதாடவே வழியில்லை.

நீண்ட கால லாபத்துக்கு 112ஏ-வில் "தள்ளுபடி கிடையாது" என்று தனியாக எழுதியிருக்கிறது. குறுகிய காலத்துக்கான 111ஏ-வில் அப்படி ஒரு வரி இல்லை. எழுதாததால் உண்டு என்றோம் நாங்கள். துறையின் எண்ணம் வேறு. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போய், 2024 டிசம்பரில் ரிட்டர்ன் போடும் கெடுவை ஜனவரி 15 வரை நீட்டச் சொன்னார்கள். கடைசியில் 2025 நிதிச் சட்டத்தில் "தனி விகித வருமானத்துக்குத் தள்ளுபடி இல்லை" என்று எழுதினார்கள், வரும் ஆண்டுகளுக்கு.

அதனால் இந்த இழையில் எல்லோரும் கணினிக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிப்பதைப் பார்த்தால் எனக்கு லேசாக வயிறு கலங்குகிறது.

---

லாசப்பல்காரி · புதன், அதிகாலை 1:15

அக்காவின் பயம் நியாயமானது. ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' நடந்ததும் இதுதான். உதவித்தொகையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருமானத்தைப் பார்த்துக் கணக்கிட வேண்டும் என்பது சட்டம். கணினியோ ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்து, "நீ அதிகம் வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு" என்று இலட்சக்கணக்கானவர்களுக்குக் கடிதம் போட்டது. 2023 ஜூலையில் விசாரணை ஆணைய அறிக்கை வந்தது. சொன்னதைத்தான் கணினி செய்தது. சொன்னது சட்டம் இல்லை.

ஆனால் அது அமல்படுத்தும் மென்பொருள். சல்லடை செய்வது வரைவைச் சோதிப்பது. இரண்டையும் ஒரே சட்டியில் போடக் கூடாது.

---

சல்லடை · புதன், காலை 6:50

பேரேடு அக்காவின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். வாசிப்பு ஒன்று: தள்ளுபடி மொத்த வரிக்கும். வாசிப்பு இரண்டு: சாதாரண வரிக்கு மட்டும். இரண்டையும் தனித்தனியாக எழுதி, "இரண்டும் வேறு வேறு தொகை சொல்லும் ஆள் ஒருவரைக் காட்டு" என்றேன். காட்டிவிட்டது. எது சரி என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் 2023-ல் மசோதா அச்சாகும் முன் இப்படி ஒரு தாளை யாராவது மேசையில் வைத்து "சார், இவருக்குத் தள்ளுபடி உண்டா?" என்று கேட்டிருந்தால், "உண்டு" அல்லது "இல்லை" என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்திருக்கும். வாய்தா சார் சொன்ன எதிர்த்தரப்பு வக்கீலையும் நானே உள்ளே உட்காரவைத்தது மாதிரி.

1961 சட்டத்துக்குப் பதிலான வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் அமல். 819 பிரிவுகள் 536 ஆகியிருக்கின்றன. "ஆனால், இப்படியானால்" என்ற வரம்புரைகளை எடுத்துவிட்டு நிறைய அட்டவணையும் சூத்திரமும் போட்டிருக்கிறார்கள். எழுதி ஓட்ட எனக்கு இது வசதி. விகிதம், செஸ் எல்லாம் பழையபடி இருந்தால் 2025 பட்ஜெட்டில் 7 லட்சத்திலிருந்து உயர்த்திய 12 லட்சம் வரம்புக்கு மேலும் அதே செஸ் ஓட்டை வரும். 12,70,580 பக்கம் நஷ்டம் 2,820 ரூபாய் மாதிரி.

---

வாய்தா · புதன், காலை 9:20

தம்பி, மேல்முறையீடு இல்லை. க்ரீம் பன்னை மட்டும் முயன்று பார்க்காதீர்கள். 2024-ல் கோவையில் ஓர் ஓட்டல்காரர் நிதி அமைச்சரிடமே சொன்னார்: பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18%, வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார் என்று. அதற்கு அலாய் தேவையில்லை.

---

ஜூன் முப்பது · வியாழன், மாலை 5:30

சல்லடை தம்பிக்கு ஒரு சின்ன வேலை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதிகளில் மூன்றை மட்டும் தட்டச்சு செய்கிறேன். ஒரு விரலால் அடிக்கிறேன், பொறுத்துக்கொள்.

7. நிர்வாகக் குழுக் கூட்டத்தைச் செயலாளர் மட்டுமே கூட்ட வேண்டும்.
11. செயலாளரின் ராஜினாமா, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஏற்கப்பட்ட பின்னரே செல்லும்.
12. ராஜினாமாக் கடிதம் கொடுத்த நிர்வாகி, அது தீர்மானிக்கப்படும் வரை பொறுப்புகளைச் செய்யக் கூடாது.

---

சல்லடை · வியாழன், இரவு 10:10

ஐயா, இதற்குக் கருவியே வேண்டாம் போலிருக்கிறது, ஆனாலும் ஓட்டினேன். கடிதம் கொடுத்த கணமே பூட்டிக்கொள்கிறது. 12-ஆம் விதியால் அவர் கூட்டத்தைக் கூட்டக் கூடாது. 7-ஆம் விதியால் வேறு யாரும் கூட்டக் கூடாது. கூட்டம் இல்லாமல் 11-ஆம் விதியால் ராஜினாமா செல்லாது. அந்த நிலையிலிருந்து வெளியே போக ஒரு வழியும் இல்லை. எங்கள் துறையில் இதை 'டெட்லாக்' என்போம். உங்கள் சங்கத்தில் யாராவது இப்படி மாட்டியிருக்கிறார்களா?

---

ஜூன் முப்பது · வெள்ளி, காலை 6:15

நாலு வருடமாக நான்தான் செயலாளர். கடிதம் போன தீபாவளிக்குக் கொடுத்தது.